கிணறு வெட்டிய கதை யாருக்குத் தெரியும்?

வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரி நிலம் சூழ்ந்த ஒரு சிற்றூர். மக்காச்சோளமும் பருத்தியும், கிணறு உள்ள இடத்தில் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. அங்கே அண்ணன், தம்பி இருவருக்கு நாலரை ஏக்கர் நிலம். அப்பா ஒரு புரட்டாசியில் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிவு செய்யலாம் என்று பட்டா நகல் எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கிணறு இருக்கிற அரை ஏக்கர், பட்டாவில் பக்கத்துக் காட்டுக்காரர் குடும்பத்தின் பெயரில் இருந்தது. இவர்களுடைய பட்டாவிலோ, எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு புல எண் கூடுதலாக இருந்தது.

அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பம் பாடுபட்டு வருகிறது. மோட்டாருக்கான மின் இணைப்பும் அப்பா பெயரில்தான். ஆனால், பக்கத்துக் காட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் திருப்பூரில் வேலை பார்ப்பவர்கள். நிலத்தை விற்கும் யோசனையில் இருந்தார்கள். “பட்டா எங்க தாத்தா பேர்ல இருக்கு. எப்படி உங்களுதுன்னு சொல்றீங்க?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அண்ணன், தம்பி இருவரிடமும் பதில் இல்லை. பதில் தெரிந்தவர் புரட்டாசியில் போய்விட்டார்.

பேச்சு முற்றி, வக்கீலைப் பார்க்கலாம் என்று இருந்த நேரத்தில், தை மாதம் தம்பி தன் அத்தையைப் பார்க்கப் போனார். துக்க வருடம் என்பதால் பொங்கல் இல்லை. ஆனாலும் அப்பா ஆண்டுதோறும் தங்கைக்கு... இல்லை, அக்காவுக்குக் கொண்டுபோகும் சீரை நிறுத்த மனம் வரவில்லை. அத்தைக்கு 82 வயது. அப்பாவுக்கு மூத்தவர். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது, பேச்சுவாக்கில் கேட்டார்.

“அத்தை, நம்ம கிணறு யாரு வெட்டுனது?”

“ஏன் சாமி, எங்கப்பாதான். வெட்டுற ஆளுங்களுக்கு நான்தானே தெனமும் கூழு தூக்கிட்டுப் போவேன். மொதல்ல மேலக்காட்டுலதான் வெட்டுனாங்க. ஆறு ஆள் ஆழம் போயும் வெறும் பாறை. எங்கம்மா தோடு அதுல போச்சு. அப்புறம்தான் இந்தக் கிணறு.”

“இந்த இடம் நம்மளுதா அத்தை?”

“அப்ப நம்மளுது இல்ல. அவங்க காட்டு மூலை அது. ஊத்து அங்கதான் இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கப்பா போயி, ‘மேலக்காட்டுல அரை ஏக்கரு தர்றேன், புளியமரத்தையும் சேத்து எடுத்துக்க, இந்த மூலைய எனக்குக் குடு’ன்னு கேட்டாரு. மாரியம்மன் கோயில்ல வச்சு வெத்தல பாக்கு மாத்திக்கிட்டாங்க. எழுத்தெல்லாம் ஒன்னும் இல்ல சாமி. அப்ப யாரு எழுதுனா?”

பட்டாவில் இருந்த அந்தத் தெரியாத புல எண், புளியமரம் நிற்கிற மேலக்காடுதான். இன்றைக்கும் அதைப் பக்கத்துக் காட்டுக்காரர்தான் உழுகிறார். அதன் ஓரத்தில், முள் மண்டிக்கிடக்கும் பாழுங்கிணறு ஒன்றும் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று இரண்டு வீட்டிலும் இளையவர்கள் யாரும் கேட்டதில்லை.

கதையோடு வரும் கணக்கு

இந்தக் குடும்பத்தின் ஊரும் பெயரும் இங்கே தேவையில்லை. இதுபோன்ற வாய்மொழி மாற்றங்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாய்க்கால் பாதைக்காக விட்டுக்கொடுத்த மூன்று சென்ட், தங்கைக்கு மஞ்சள் காணியாகச் சொன்ன இடம், களத்துக்குப் பொதுவாக விட்ட மூலை என்று நம்பிக்கையின் பேரில் நடந்தவை ஏராளம். அப்போது அந்தச் சொல்லே பத்திரமாக இருந்தது. பிறகு 1979 முதல் 1987 வரை, மக்கள் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. புல எண்கள் பல இடங்களில் மாறின. வாய்மொழியாக நடந்தது அந்த ஏட்டில் ஏறாமலே போன இடங்களும் உண்டு. பெயர் மாறி ஏறிய இடங்களும் உண்டு. அந்த வித்தியாசத்தை விளக்கத் தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அத்தையிடம் “கிணற்று நிலத்தின் சர்வே எண் என்ன, யாரிடம் வாங்கினீர்கள்?” என்று கேட்டிருந்தால், “எனக்கென்ன தெரியும், ஆம்பளைங்களைக் கேளு” என்று சொல்லியிருப்பார். கிணறு வெட்டிய கதையைக் கேட்டதால்தான் நிலக்கணக்கும் கூடவே வந்தது. பெரியவர்களின் நினைவில் நிலம், விதை, மழை, கடன், கல்யாணம், சாவு எல்லாம் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. தோடு விற்ற கதையை இழுத்தால் கிணறு வருகிறது. கிணற்றை இழுத்தால் புளியமரம் வருகிறது. வேண்டியதை மட்டும் உருவி எடுக்க முடியாது. பொறுமையாக முழுக் கதையையும் கேட்பவருக்கே அது கிடைக்கும்.

நிலத்தோடு முடிவதில்லை

அன்று மாலை அத்தை கிணற்றைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். “ஊத்துக்கண்ணு வடகெழக்கு மூலையில, பாறை வெடிப்புலதான். அங்க மண்ணு அடைச்சா தண்ணி கொறைஞ்சிரும். எங்கப்பா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அந்த மூலைய மட்டும் சுத்தம் பண்ணுவாரு.” கோடையில் தூர் வாரியபோது தம்பி முதலில் அந்த மூலையைத்தான் பார்த்தார். சேறு அள்ளியதும் வெடிப்பில் நீர் கசிவது தெரிந்தது. ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அதோடு தள்ளிப்போனது.

விதையும் இப்படித்தான். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமனை இந்த இதழின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மாழ்வாரின் வழியில் ஊர் ஊராகத் தேடிய அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் சேர்த்தது நெல்மணிகளை மட்டும் அல்ல. எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எத்தனை நாள், தண்ணீர் நின்றால் தாங்குமா என்ற செய்தியும் விதையோடு சேர்ந்து வந்தது. குழியடிச்சான் உவர் நிலத்தைத் தாங்கும் நெல். அந்த ஒரு வரிச் செய்தி இல்லாமல் விதை மட்டும் கைக்கு வந்தால், நல்ல நிலத்தில் போட்டுவிட்டு ‘விளைச்சல் குறைவு’ என்று கைவிட்டுவிடுவோம்.

வரகைப் பாருங்கள். “கதிர் மழையில நனைஞ்சா அந்த வரகை ஒடனே பொங்கித் தின்னாத, மயக்கம் வரும்” என்று பழைய வரகு விவசாயக் குடும்பத்துப் பாட்டிகள் சொல்வார்கள். கேலியாகத் தள்ளிவிடக் கூடிய பேச்சு அல்ல இது. ஈரத்தில் கிடந்த வரகில் பூஞ்சணம் வளர்ந்து, சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சு உண்டாகும் என்று ஆய்வுகளே காட்டியுள்ளன. தலைசுற்றல், நடுக்கம், வாந்தி எல்லாம் அதனால் வருவதுதான். சிறுதானியத்துக்கு இப்போது நல்ல விலை இருக்கிறது என்று புதிதாக வரகு போடுகிறவர்கள் பலர். விதை கடையில் கிடைத்துவிடுகிறது. அறுவடைக் காலத்து எச்சரிக்கை பாட்டியின் வாயில்தான் இருக்கிறது.

சொற்களும் அப்படியே. கமலை போனதோடு சால், வடம், தும்பி என்று அதன் உறுப்புகளின் பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் விவசாயியாக வாழ்ந்த கி. ராஜநாராயணன், பெரிய படிப்பு எதுவும் இல்லாமலே, தன்னைச் சுற்றியிருந்தவர்கள் பேசிய சொற்களையும் சொன்ன கதைகளையும் சேர்த்தார். கரிசல் காட்டுச் சொற்களுக்கு என்றே 1982-ல் ஓர் அகராதியைக் கொண்டுவந்தார். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து வைத்துக்கொண்டது. அவர் அளவுக்கு இல்லாவிட்டாலும், நம் வீட்டுப் பேச்சை ஒரு நோட்டில் எழுதிவைக்க நமக்கும் முடியும்.

யாரிடம் கேட்பது?

வீட்டில் மூத்த ஆணிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். கட்டிக்கொடுத்த அத்தைகளையும் பெரியம்மாக்களையும் முதலில் தேடிப் போங்கள். சிறுவயதில் பிறந்த வீட்டை விட்டுப் போனவர்களுக்கு, அந்த வீடு எப்படி இருந்ததோ அப்படியே மனதில் நிற்கும். பிறகு நடந்த சண்டைகளும் சமாதானங்களும் அதில் கலந்திருக்காது. விதை எடுத்து வைத்தது, நகை விற்றது, பிள்ளை பெற்றது, பஞ்சத்தில் எதைச் சமைத்தார்கள் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, உங்கள் காட்டில் உழைத்தவர்கள். ஏர் ஓட்டியவர், ஆடு மாடு மேய்த்தவர், நாற்று நட்டவர் ஆகியோருக்கு நிலத்தின் மேடு பள்ளம், நீர் ஓடும் வழி, பழைய வரப்பு எல்லாம் சொந்தக்காரரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் குடும்பக் கதை உண்டு. கூலியாக எத்தனை படி கிடைத்தது, எந்த வருடம் கூலி உயர்ந்தது, எந்தக் கடனுக்காக எத்தனை வருடம் ஒரே பண்ணையில் கிடந்தார்கள் என்பது சொந்த நிலம் இல்லாத குடும்பங்களின் வரலாறு. அது எந்தப் பத்திரத்திலும் இல்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் ஒழிய, அது எங்கும் பதிவாகாது.

எப்படிக் கேட்பது?

“பழைய கதை ஏதாவது சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால், “என்னத்தச் சொல்றது” என்ற பதில்தான் வரும். சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி கேட்க வேண்டும்.

* நம் வீட்டில் முதல் மோட்டார் எந்த வருடம் வந்தது? அதற்கு முன்பு யார் கமலை ஓட்டினார்கள்? மாடுகளின் பெயர் என்ன?
* சின்ன வயதில் இந்தக் காட்டில் என்ன விதைத்தார்கள்? எந்த மாதம்? விதையை எதில் வைத்தார்கள்?
* ஏரி கடைசியாக எப்போது நிரம்பி வழிந்தது? தண்ணீர் எதுவரை வந்தது?
* நெல் விளையாத வருடத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்?
* அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்? கல்யாணத்துக்கு எதில் வந்தார்கள்?
* கடன் யாரிடம் வாங்கினார்கள்? எப்படித் தீர்த்தார்கள்?
* இந்த வேலியோரக் கல், இந்த மரம், இந்தச் சாமி எப்படி இங்கே வந்தது?

பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. பரணில் கிடக்கும் மரக்கால், பழைய போட்டோ, துருப்பிடித்த சால் என்று எதுவானாலும் சரி. நடக்கக் கூடியவராக இருந்தால் காட்டுக்கு அழைத்துப் போய், வரப்பில் மெதுவாக நடந்தபடி கேளுங்கள். வீட்டில் நினைவுக்கு வராதது, அந்த இடத்தில் நின்றதும் வந்துவிடும்.

ஒரு நேரத்துக்கு அரை மணி, முக்கால் மணி போதும். களைப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். டிவி ஓடுகிற இடத்தில், பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள். ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை சும்மா இருங்கள். “அதெல்லாம் இல்லைப்பா, அது வேற வருசம்” என்று பக்கத்திலிருந்து திருத்துவது பெரிய கெடுதல். இரண்டு முறை திருத்தினால் மூன்றாவது முறை அவர் வாயைத் திறக்கமாட்டார். காது மந்தமானவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி மெதுவாகப் பேசுங்கள். நேற்று சாப்பிட்டதை மறந்துவிடுகிற பெரியவர்கள்கூட, ஐம்பது வருடத்துக்கு முந்தைய சங்கதியைத் தெளிவாகச் சொல்வதுண்டு. ‘அவருக்கு மறதி’ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வருடத்தைப் பிடிப்பது

பெரியவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். “அதுக்கு மறுவருசம்” என்பார்கள். எதற்கு மறுவருடம் என்று தெரிந்துகொள்ள, ஊருக்கே தெரிந்த நிகழ்வுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

* அணா போய் நயா பைசா வந்தது: 1957 ஏப்ரல்
* வீசை, பலம் போய் கிலோ வந்தது: 1960-களின் தொடக்கம்
* தனுஷ்கோடியை அழித்த புயல்: 1964 டிசம்பர்
* ஏ.டி.டீ. 27, ஐ.ஆர். 8 போன்ற நெல் ரகங்களும் உர மூட்டைகளும் பரவியது: 1960-களின் பிற்பகுதி
* அண்ணா மறைந்தது: 1969 பிப்ரவரி
* நாகை, திருச்சியைத் தாக்கிய புயல் வெள்ளமும் எம்.ஜி.ஆர். முதல்வரானதும்: 1977
* இந்திரா காந்தி கொல்லப்பட்டது: 1984 அக்டோபர்
* எம்.ஜி.ஆர். மறைந்தது: 1987 டிசம்பர்

அத்தையிடம் தம்பி கேட்டதும் இதுதான். “வெட்டுன ஆளுங்களுக்குக் கூலி அணாவுலயா, நயா பைசாவுலயா அத்தை?” “அணாதான் சாமி. நயா பைசா வந்தது எம் பெரியவன் பொறக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி.” மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1958. ஆகவே கிணறு வெட்டியதும் நிலம் மாறியதும் 1957-க்கு முன்பு என்று உறுதியானது. எந்தக் காலத்து ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்தது.

தமிழ் ஆண்டுப் பெயர் சொல்கிறவர்களும் உண்டு. 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். தாது வருடப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. அதே தாது 1936-லும் 1996-லும் வந்தது. தாத்தா ‘நந்தன வருடம்’ என்றால் அது 1952. பேரன் சொன்னால் அது 2012 ஆகவும் இருக்கலாம்.

அளவுகளையும் அவர்கள் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் இன்றைய கணக்கைக் குறியுங்கள். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆனால், குழியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறும். ‘உங்க ஊர் மரக்கால் எத்தனை படி?’ என்று அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

எழுதி வைப்பது, காத்து வைப்பது

கையில் இருக்கும் செல்போனே போதும். அதில் குரல் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. தொடங்கும்போது, “இன்னிக்கு இந்தத் தேதி, இன்னாரோட பேசுறேன்” என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிற்காலத்தில் கேட்பவர்களுக்கு அதுதான் முகவரி. போனை மறைத்துவைத்துப் பதிவு செய்யாதீர்கள். “பேரப்பிள்ளைங்க கேக்கட்டும்னு பிடிச்சு வைக்கிறேன்” என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

பதிவு செய்த அன்றே, முக்கியமானவற்றை ஒரு கெட்டி அட்டை நீள நோட்டில் எழுதுங்கள். போன் தண்ணீரில் விழும், திருடு போகும், இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவோம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது பத்திரமாக இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஒலிப்பதிவை ஒரு பென்டிரைவிலும், வெளியூரில் உள்ள இன்னொரு உறவினரிடமும் நகலாக வையுங்கள். நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் வம்சாவளியை வரையுங்கள். அதில் பெண்பிள்ளைகளின் பெயரும், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊரும் விடுபடக் கூடாது. பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்க நோட்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைப் படமெடுத்து, எது யாருடையது என்று எழுதி வையுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.

எச்சரிக்கையும் வேண்டும்

நினைவு பிசகும். ஒரே சம்பவத்தை அண்ணன் ஒரு மாதிரியும் தங்கை வேறு மாதிரியும் சொல்வார்கள். எது சரி என்று தீர்ப்பு எழுதாமல், இருவர் சொன்னதையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள். சில விஷயங்களைச் சொல்லிவிட்டு, “இதை எழுதாத” என்பார்கள். எழுதக் கூடாது. அந்த நம்பிக்கை போனால் அடுத்த கதை வராது.

பெரியவர்கள் சொன்ன விவசாய முறை எல்லாவற்றையும் அப்படியே செய்யவும் கூடாது. தானியத்தில் வண்டு விழாமல் இருக்க பி.ஹெச்.சி. பொடி தூவினோம் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அந்த மருந்து 1997-லேயே தடை செய்யப்பட்டது. அதையும் எழுதிவையுங்கள், அதுவும் வரலாறுதான். ஆனால், எதையும் செய்வதற்கு முன்பு உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். கைவைத்தியம் என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஒலிப்பதிவு மட்டும் நிலத்துக்கு உரிமை தராது. எந்த ஆவணத்தைத் தேடுவது, யாரிடம் பேசுவது என்று அது வழிகாட்டும். மீதி வேலை அலுவலகத்தில்தான்.

கையெழுத்து போட்ட அத்தை

அண்ணன், தம்பி இருவரும் அத்தையின் குரல் பதிவை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்குத்தான் போனார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு 79 வயது. பேரன்களும் பக்கத்தில் இருந்தார்கள். பதிவு ஓடி முடியும்வரை அவர் பேசவில்லை. கடைசியில், “அக்கா சொல்றது சரிதான். வெத்தல பாக்கு மாத்துனப்ப எங்கய்யா என்னையத் தோள்ல வச்சிருந்தாரு. புளியமரம் அப்ப இடுப்பு ஒசரம்தான் இருக்கும்” என்றார்.

பழைய ‘அ’ பதிவேட்டையும் இப்போதைய பட்டாவையும் ஒப்பிட்டு, புல எண்கள் சரிபார்க்கப்பட்டன. பிறகு இரு குடும்பமும் பேசி, பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. மேலக்காடு தாத்தா பெயரில் இருந்ததால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அத்தையும் வாரிசு. கதை கேட்கப் போனபோது அந்த எண்ணமே யாருக்கும் இல்லை. அவருக்கு என்ன சேர வேண்டும் என்பதையும் உட்கார்ந்து பேசி, எழுத்தில் முடித்த பிறகே பதிவு நடந்தது. அத்தை பதிவு அலுவலகத்துக்கு வந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.

அந்த நோட்டில் இப்போது அறுபது பக்கத்துக்கு மேல் நிரம்பிவிட்டது. தம்பியின் மகள் எழுதுகிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இப்போதெல்லாம் இவர்கள் அத்தையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே போன் செய்கிறார்.

“பாப்பா, அன்னிக்கு ஒன்னு சொல்ல மறந்துட்டேன். நோட்ட எடுத்துக்க.”

வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டிலும் இதுபோல வாய்மொழியாக நிலம் மாற்றிக்கொண்டுள்ளோம். அனுபவம் எங்களிடம் இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தைப் பரிமாற்றம் செய்தால், அது பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். இரு தரப்பிலும் விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பேசி, பரிவர்த்தனைப் பத்திரம் பதிவு செய்து, பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். பட்டா, புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஒரு சோள விதையைக் காத்து வருகிறோம். அதன் கதையை எழுதி வைத்தால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, விவசாயிகள் காத்துவரும் ரகத்தை அவர்கள் பெயரில் பதிவு செய்ய வழி இருக்கிறது. விவசாயிகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. ரகத்தின் பெயர், அதன் தனித்தன்மை, எங்கே, எவ்வளவு காலமாகப் பயிரிடப்படுகிறது போன்ற விவரங்கள் தேவைப்படும். பெரியவர்கள் சொல்வது அங்கே கைகொடுக்கும். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

எங்கள் ஊர் ஏரி, மரங்கள், மூலிகைகள் பற்றி என் தாத்தாவுக்கு நிறையத் தெரியும். வீட்டு நோட்டில் எழுதினால் போதுமா?

முதலில் வீட்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பற்றிக் கேளுங்கள். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, ஊரின் பயிர்கள், கால்நடைகள், மரங்கள், அவை பற்றிய மக்களின் அறிவு ஆகியவற்றை அதில் பதிய வேண்டும். பெயரளவுக்குப் பதிவேடு இருக்கும் ஊர்களில், தாத்தா போன்றவர்கள் சொன்னால்தான் அது நிறையும். மூலிகை மருத்துவக் குறிப்பு எதையாவது வெளியே சொல்ல அவருக்கு விருப்பம் இல்லை என்றால், அதைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பேசத் தொடங்கினாலே அழுதுவிடுகிறார். கேட்காமல் விட்டுவிடலாமா?

அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கொடுத்து, வேறு பேச்சுப் பேசுங்கள். அடுத்த முறை அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, விளையாட்டு, சமையல், திருவிழா என்று வேறு பக்கம் தொடங்குங்கள். அழுகை வந்த கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பலர் சில மாதம் கழித்துத் தாமாகவே சொல்வதுண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள், அது போதும்.